பிரிக்பீல்ட்ஸ் மாடியில் பதினான்கு மணி நேரம்

680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டி, தீபாவளி முடிந்த ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும், அதாவது 2025 அக்டோபர் 25, 26 இரண்டு நாளும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனைச் சீட்டை இணையவழி வரி வாரியத்துக்கு அனுப்பி ஏற்பு வாங்கும் முறையை, படித்தேன். சனி, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, நடுவில் உணவுக்கு ஒரு மணி நேரம் விட்டு, மாலை ஐந்து வரை. நாளுக்கு ஏழு மணியாகப் பதினான்கு மணி நேரம். கணக்காளராகப் பதிவு செய்த நாளிலிருந்து எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது இதுவே முதல் முறை.

வகுப்பை நடத்தும் அம்மையார் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு முறைக்குப் பதினாறு பேருக்குமேல் அவர் சேர்ப்பதில்லை, காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருக்கிறது. ஆகவே பெயரை எழுதவில்லை. வாசலில் பெயர்ப்பலகையும் கிடையாது. துன் சம்பந்தன் சாலைப் பக்கம் கணக்கு அலுவலகம் வைத்திருப்பவர்களிடம் 'மாடி வகுப்பு' என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் என் மதிப்பீடு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

அக்டோபர் முதல் வாரத்தில் என் சிபிஇ ஏட்டை, தொழிலில் இருப்பவர்கள் தொடர்ந்து கற்ற மணிகளைக் குறிக்கும் ஏட்டை, திறந்து கூட்டிப் பார்த்தேன். மலேசியக் கணக்காளர் கழகம், நாங்கள் எம்ஐஏ என்று சொல்வது, மூன்று ஆண்டுகளை ஒரு தொகுப்பாக எடுத்து 120 மணி நேரம் கேட்கிறது. ஆண்டு நகர நகரத் தொகுப்பும் நகரும். அந்த 120-இல் 60 மணிக்குச் சான்று இருக்க வேண்டும். அதோடு எந்த ஓர் ஆண்டிலும் சான்றுள்ள மணி 20-க்குக் குறையக் கூடாது. 2023-இல் எனக்கு மொத்தம் 52, சான்றுள்ளவை 22. 2024-இல் மொத்தம் 40, சான்றுள்ளவை 24. 2025-இலோ, பத்தாவது மாதம் பிறந்துவிட்ட பிறகும், சான்றுள்ள மணி வெறும் 6. நானாகப் படித்துக் குறித்து வைத்தவை 17. மூன்றாண்டுக் கூட்டல் எப்படியும் தேறிவிடும். இடித்தது ஆண்டுக்கு 20 என்ற விதிதான். நான் பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கணக்காளர் சங்கமான ஏசிசிஏவின் உறுப்பினரும்கூட. அங்கே கணக்கு வேறு: ஆண்டுக்கு 40 அலகு, அதில் 21-க்குச் சான்று வேண்டும், ஓர் அலகு என்பது ஒரு மணி நேரம். ஆகவே எம்ஐஏவுக்கு 14 மணி, ஏசிசிஏவுக்கு 15 மணி பாக்கி. அந்த ஒரு மணி நேர வித்தியாசம் கடைசிவரை என்னோடு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மணிக்கணக்கை வெறும் சடங்கு என்று சொல்லும் சகாக்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நான் தேர்வுக்குப் படித்தது 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். பங்குக்கு முகமதிப்பு உண்டு என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். 2017 ஜனவரி 31-இல் புதிய சட்டம் நடப்புக்கு வந்ததும் முகமதிப்பே போய்விட்டது. 2015 ஏப்ரலில் சரக்கு சேவை வரியான ஜிஎஸ்டி வந்தது, ஊரெல்லாம் 6 விழுக்காட்டைப் பற்றியே பேசியது. 2018 ஜூன் 1-இல் அது சுழியானது, அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது. குத்தகைக்கு எடுத்த கடையும் லாரியும் 2019-இலிருந்து மலேசிய நிதி அறிக்கைத் தரமான எம்எஃப்ஆர்எஸ் 16-இன்படி ஐந்தொகைக்குள் ஏறிவிட்டன. 1990-களில் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஒருவருடைய கணக்கில் கையெழுத்துப் போட்டால், அவருக்கு நான் தீங்கு செய்கிறேன் என்றுதான் பொருள்.

என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதும்போது ஒரு தொழிலாளியின் அரை நாள் விட்டுப்போனால் அவர் வீட்டில் அன்றிரவு அரிசி குறையும் என்பார். கணக்கு தப்பினால் அடி விழுவது வேறொருவர் தலையில் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

முதலில், அந்த 6 மணி நேரத்தின் கதை. ஆண்டின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு நாள் கருத்தரங்குக்குப் போனேன். 950 வெள்ளி. முந்நூறு பேருக்குமேல் இருந்திருப்பார்கள். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, திரையில் இருந்த வாசகங்களை அப்படியே வாசித்தார்கள். நான் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால். திரையின் எழுத்து எனக்குத் தெரியவில்லை, அச்சுப் பிரதியும் கொடுக்கவில்லை. கேள்வி நேரம் பத்து நிமிடம், நான்கு பேருக்குத்தான் ஒலிவாங்கி கிடைத்தது. மாலையில் வாசலில் ஸ்கேன் செய்துவிட்டு வந்தேன், சான்றிதழ் அன்றிரவே மின்னஞ்சலில் வந்தது. எல்லாம் ஒழுங்கு. ஆனால் மறுநாள் அலுவலகத்தில் நான் திறந்த எந்தக் கோப்பிலும் அந்த 6 மணி நேரத்தால் ஒரு வரிகூட மாறவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். மணிக்கு 158 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

பிறகு, பதிவு செய்யப்பட்ட இணையப் பாடங்களைப் பார்த்தேன். மலிவு. சில உண்மையிலேயே நல்ல பாடங்கள். ஆனால் நான் எடுத்த பாடத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சின்னப் பெட்டி திரையில் வரும், அதைத் தொட்டால் நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று பொருள். இன்னொரு ஜன்னலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே தொடலாம். முதல் ஒரு மணி நேரம் நானே அப்படித்தான் செய்தேன். நான்காவது பெட்டியைத் தொட்டபோது கை கூசியது. ஆண்டு முடிவில் 'இத்தனை மணி கற்றேன்' என்று நான் கொடுக்கும் உறுதிமொழி, ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் நான் போடும் கையெழுத்துக்குச் சமம். எங்கள் தொழில் நெறிகள் ஐந்தில் முதலில் வருவது நேர்மை. அந்த ஒரு மணி நேரத்தை ஏட்டில் எழுதாமல் பாடத்தை மூடிவிட்டேன்.

செந்தூலில் என் அலுவலகத்துக்கு இரண்டு கடை தள்ளி வரி முகவராக இருக்கும் நண்பர்தான் மாடி வகுப்பைப் பற்றிச் சொன்னார். "அக்கா, அங்கே போனால் தூங்க முடியாது" என்றார். அது போதுமாக இருந்தது.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துபோனேன். பண்டிகைக் கூடாரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், சாலையோரம் மூங்கிலும் கம்பியுமாகக் கிடந்தது. ஒரு காலத்தில் எம்ஐஏவின் கட்டடமே பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தது. இப்போது பங்சார் சவுத்துக்குப் போய்விட்டது. உறுப்பினர் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இதே சாலையில் நடந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று என்னோடு அப்பாவும் வந்திருந்தார்.

மாடிக்கு மின்தூக்கி இல்லை. முப்பத்தெட்டு படிகள். எனக்கு முழங்கால் வலி உண்டு, அதனால் எண்ணினேன். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்த வகுப்பு அடைத்த கதவுதான். இதை அம்மையாரிடமே சொன்னேன், கீழ்த்தளத்தில் இடம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். விரைவில் கிடைக்க வேண்டும். இது சின்னக் குறை இல்லை.

அறைக்குள் நீண்ட மேசைகள் நான்கு, மேசைக்கு நான்கு பேர். ஒவ்வோர் இடத்திலும் மின்னிணைப்பு, நல்ல வெளிச்சம், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்காத இடைவெளி. தமிழர்கள் ஒன்பது பேர், சீனர்கள் ஐந்து பேர், மலாய்க்காரர்கள் இரண்டு பேர். பாடம் ஆங்கிலத்தில். யாராவது விழித்தால் அம்மையார் மலாயிலோ தமிழிலோ திரும்பச் சொல்வார். பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்துவதே இல்லை.

சேரும்போதே ஒரு நிபந்தனை: சொந்தக் கோப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், பதிவு எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்துக் கொண்டுவர வேண்டும். மறைக்காமல் வந்த ஓர் இளைஞரை அம்மையார் வெளியே உட்கார வைத்து, அரை மணி நேரம் அதைச் செய்யச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார். ரகசியம் காப்பதும் அந்த ஐந்து நெறிகளில் ஒன்று. அதைத் திரையில் போட்டுக் காட்டும் வகுப்புகள் பல உண்டு. கதவிலேயே நிறுத்திக் கற்றுக்கொடுத்தவரை இங்கேதான் பார்த்தேன்.

முதல் நாள் காலை அவர் மேசைமேல் வைத்தது ஒரு துண்டுச் சீட்டு. கீழே பூக்கடையில் அன்று காலை மல்லிகைச் சரம் வாங்கியதற்கான ரசீது, 12 வெள்ளி, நீல மையில் கையால் எழுதியது. "இதற்கு இ-இன்வாய்ஸ் உண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்று பாதிப் பேர், இல்லை என்று மீதிப் பேர். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே நாற்பது நிமிடம் போனது. கடையின் ஆண்டு விற்பனை எவ்வளவு? வரம்புக்குக் கீழே என்றால் விலக்கு. மேலே என்றால் எந்தக் கட்டத்தில் வருகிறது? பத்து கோடி வெள்ளிக்கு மேற்பட்டவர்களுக்கு 2024 ஆகஸ்டு 1, இரண்டரைக் கோடியைத் தாண்டியவர்களுக்கு 2025 ஜனவரி 1, ஐம்பது இலட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 2025 ஜூலை 1. வாங்கியவர் இ-இன்வாய்ஸ் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அந்த மாதத்துச் சில்லறை விற்பனையையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பலாம். அந்தத் தொகுப்பில் வாங்கியவரின் வரி எண் இருக்கும் கட்டத்தில் என்ன எழுதுவது? பொதுமக்கள் என்பதற்கு வாரியம் ஒரு பொது எண்ணைக் கொடுத்திருக்கிறது. இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கி, வரிசையாகச் சுழிகள் வந்து, 10 என்று முடியும். வெளிநாட்டில் வாங்குபவருக்கு 20. வெளிநாட்டில் விற்பவருக்கு 30. அரசாங்க அமைப்புகளுக்கு 40.

இவை எல்லாம் வாரியத்தின் வழிகாட்டியில் இருக்கின்றன. நானும் படித்திருந்தேன். என் 17 மணி நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. ஆனால் படித்தபோது அவை வெறும் விதிகளாக இருந்தன. மல்லிகை வாசம் போகாத அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசியபோதுதான், எந்த விதி எப்போது வந்து பற்றுகிறது என்று தெரிந்தது.

பிறகு சோதனைத் தளத்தில் நுழைந்து, ஆளுக்கு ஓர் இன்வாய்ஸ் அனுப்பினோம். நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஐம்பதுக்கும் மேலே. என்னுடையது முதல் முறை திரும்பி வந்தது, வரி எண்ணில் ஒரு சுழி குறைவு. இரண்டாவது முறை ஏற்கப்பட்டுக் கியூஆர் குறியோடு வந்தது. "இப்போது தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள்?" என்றார் அம்மையார். 72 மணி நேரத்துக்குள் என்றால் ரத்துச் செய்யலாம். தாண்டிவிட்டால் ரத்து இல்லை, வரவுக் குறிப்போ பற்றுக் குறிப்போ அனுப்பித்தான் சரிசெய்ய முடியும். அந்த இரண்டையும் எங்களைச் செய்ய வைத்தார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு சீனப் பெரியவர், அறுபதைத் தாண்டியவர், மூன்று முறை தவறி நான்காவது முறை பச்சை விளக்கு வந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

உணவு கட்டணத்தில் சேராது. பிரிக்பீல்ட்ஸில் அது குறையே இல்லை, கீழே இறங்கினால் வாழையிலைச் சோறு. ஆனால் மழை பிடித்துக்கொண்ட முதல் நாள் யாரும் இறங்கவில்லை. ஆளாளுக்குப் பையில் இருந்த பண்டிகை முறுக்கையும் நெய்யுருண்டையையும் மேசையில் பரப்பினார்கள்.

மழையோடு தொடங்கிய அந்தப் பிற்பகலில்தான், இந்த வகுப்புக்கு நான் கொடுத்த பணத்துக்குப் பல மடங்கு திரும்பி வந்தது.

நான் கொண்டுபோனது ஒரு சேலைக்கடையின் கோப்பு. மஸ்ஜித் இந்தியா பக்கம், பல ஆண்டுகளாக என்னிடம் கணக்குப் பார்க்கும் கடை. ஆண்டு விற்பனை ஐம்பது இலட்சத்தைத் தாண்டும், ஆகவே ஜூலை 1-ஆம் தேதி கட்டத்தில் வருகிறது. முதல் ஆறு மாதம், டிசம்பர் 31 வரை, தளர்வுக் காலம். விற்பனையை மாதாமாதம் தொகுத்து அனுப்பிவிட்டோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அம்மையார் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். சூரத்திலிருந்து வந்த சரக்கின் சுங்கப் படிவம்.

"இதற்கு யார் இன்வாய்ஸ் கொடுத்தது?"

"சூரத் வியாபாரி, மேடம்."

"அவர் மைஇன்வாய்ஸில் இருக்கிறாரா?"

இல்லை. அவர் எப்படி இருப்பார்? அப்படியானால் அந்தக் கொள்முதலுக்கு இ-இன்வாய்ஸ் அனுப்ப வேண்டியவர் வாங்கியவரே. சுய இன்வாய்ஸ் என்பார்கள். விற்பவர் கட்டத்தில் 30 என்று முடியும் அந்தப் பொது எண், வாங்குபவர் கட்டத்தில் நம் கடை. காலையில் நானே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்த எண்தான். தளர்வுக் காலத்திலும் சுய இன்வாய்ஸ் வேண்டாம் என்று வாரியம் சொல்லவில்லை. தொகுத்து அனுப்பலாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஜூலையிலிருந்து தீபாவளிச் சரக்கு முழுவதும் சூரத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்திருக்கிறது. ஒன்றுக்கும் நான் அனுப்பவில்லை. விற்பனைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து கொள்முதல் பக்கத்தை விட்டுவிட்டேன்.

கை சில்லிட்டுவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி, அனுப்பத் தவறிய ஒவ்வொன்றுக்கும் 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்பட வேண்டாம், தளர்வு இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்" என்று தமிழில் சொன்னார். சோதனைத் தளத்தில் ஒன்றை என் கையாலேயே அனுப்ப வைத்தார். அறையில் இன்னும் ஐந்து பேர் தங்கள் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அவர்களில் மூவருக்கு இதே பிழை இருந்தது.

இதைத்தான் நான் வகுப்பு என்று சொல்வேன். முந்நூறு பேர் உட்கார்ந்த கூடத்தில் என் கோப்பின்மேல் யார் விரல் வைத்திருக்க முடியும்?

அதே கோப்பில் இன்னொன்றும் கிடைத்தது. 2026 ஜனவரி 1 முதல், ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் அதைத் தொகுப்பில் சேர்க்க முடியாது, தனி இ-இன்வாய்ஸ் வேண்டும். சேலைக்கடையில் அப்படி ஒரு பில் எங்கே வரும் என்று எனக்கு முதலில் தோன்றியது. கல்யாணம்! கூறைப்புடவை, சம்பந்தி வீட்டாருக்கு, அத்தைமாருக்கு என்று ஒரே குடும்பம் ஒரே நாளில் எடுக்கும்போது பத்தாயிரத்தைத் தாண்டும். தை மாதம் பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். அப்போது கல்லாவில் இருக்கும் பெண், வாங்குபவரிடம் வரி எண்ணையோ மைகார்டு என்னும் அடையாள அட்டையின் எண்ணையோ கேட்டுப் பதிய வேண்டும். மைகார்டு எண் மட்டும் கொடுத்தாலும் போதும், வரி எண் கட்டத்தில் பொதுமக்களுக்கான எண்ணைப் போடலாம். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காவிட்டால், கல்யாண வீட்டார் வரிசையில் நிற்கும்போது கடையில் சச்சரவுதான் வரும்.

இரண்டாம் நாளைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு இல்லை. காலைப் பகுதி நன்றாக இருந்தது. கமிஷன் முகவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது யார் இன்வாய்ஸ் அனுப்புவது, திரும்பி வந்த சரக்கை எப்படிக் காட்டுவது என்று கணக்குகள் செய்தோம். வாடகைக்குச் சேவை வரி 2025 ஜூலை 1 முதல் 8 விழுக்காடு என்று வந்ததையும் ஒரு கடை வாடகைச் சீட்டை வைத்தே சொன்னார். பிற்பகலில்தான் சறுக்கல். தணிக்கை விலக்கின் புதிய வரம்புகள், 2027-இல் வரப்போகும் எம்எஃப்ஆர்எஸ் 18 இரண்டையும் ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டார். எம்எஃப்ஆர்எஸ் 18 இலாப நட்டக் கணக்கின் அமைப்பையே மாற்றுகிற தரம். வருமானத்தையும் செலவையும் இயக்கம், முதலீடு, நிதி என்று பிரித்து, கட்டாயமாகக் காட்ட வேண்டிய புதிய கூட்டல்களைச் சேர்க்கிறது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். இங்கே அது அவசரமாக ஓடிய இருபது பக்கங்களாகப் போனது. பேசாமல் அதை எடுத்துவிட்டு, இன்னும் இரண்டு கோப்புகளைப் பார்த்திருக்கலாம். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களுக்கான தரமான எம்பெர்ஸைப் பின்பற்றும் சிறு நிறுவனங்கள், அவர்களுக்கு அந்தப் பகுதி தேவையும் இல்லை.

சான்றிதழைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வகுப்பு முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, வந்ததில் மணிக்கணக்கு இல்லை! பெயர், தேதி, தலைப்பு மட்டும். கழகம் தணிக்கைக்குக் கேட்டால் எத்தனை மணி என்பதைக் காட்டாத சான்றிதழை வைத்து நான் என்ன செய்வேன்? எழுதிக் கேட்டதும் மறுநாளே திருத்தி அனுப்பினார்கள், கற்பித்த தலைப்புகளும் ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரமும் பின்பக்கத்தில் இருந்தன. திருத்திய பிரதி மிக ஒழுங்கானது. இருந்தாலும், டிசம்பரில் சேருபவர்கள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் நீங்கள் கையெழுத்திட்ட பக்கத்தை அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன்.

யாருக்கு இது பொருந்தும்? இரண்டு மூன்று பேரோடு அலுவலகம் நடத்துபவர்கள், சிறு கடைகளின் கணக்கைப் பார்ப்பவர்கள், ஒரு நிறுவனத்தில் தனி ஆளாகக் கணக்குப் பிரிவைச் சுமப்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். மணிக்கு ஏறத்தாழ 48 வெள்ளி 57 சென். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது எம்எஃப்ஆர்எஸ்ஸும் குழுமக் கணக்கும், அது இங்கே இல்லை. கோப்பைக் கொண்டுபோக விரும்பாதவர்களும் போக வேண்டாம். வெறுங்கையோடு போனால் பாதி வகுப்பு மற்றவர் கோப்பை எட்டிப் பார்ப்பதிலேயே போகும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சேலைக்கடைக்குப் போனேன். கதவு அரையாகத்தான் திறந்திருந்தது. முதலாளி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். என்ன அம்மா இவ்வளவு சீக்கிரம் என்றார். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு சொன்னேன், இன்றே சரிசெய்துவிடலாம் என்று. அவர் ஒன்றும் பேசவில்லை. பின்பக்க அறைக்குப் போய், ஜூலையிலிருந்து வந்த சுங்கப் படிவங்களையெல்லாம் ஒரு பழைய சேலைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். காபி வந்தது. அவர் மகள் ஒவ்வொரு படிவமாக எடுத்துத் தேதியையும் தொகையையும் வாசிக்க, நான் பதிந்துகொண்டே வந்தேன். பகல் ஒரு மணிக்கு முடிந்தது. ஜனவரியில் வாங்குபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கல்லாவுக்கு உள்பக்கம், முதலாளியம்மாவின் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்கு முந்தின இரவு வழிகாட்டியை மறுபடி திறந்து, மைகார்டு எண் மட்டும் கொடுப்பவர்களுக்கான விதியைத் தேடி, என் நோட்டோடு ஒப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். ஏசிசிஏவின் விதிப்படி, கற்றது வேலைக்குத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், அதை எங்கே பயன்படுத்தினேன் என்று சொல்ல முடிய வேண்டும், ஆதாரம் காட்ட முடிய வேண்டும். மூன்றும் இருந்தன. கல்லாவில் ஒட்டிய பக்கத்தைப் படம் எடுத்து, கடையின் பெயர் தெரிந்த இடத்தைக் கறுப்பு மையால் மறைத்து, ஏட்டில் சேர்த்தேன். சான்றுள்ள மணி: 21.